வரிக் காலத்தில் வரும் போலி மெயில்: சிறு நிறுவனங்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன?

வரி தாக்கலுக்கான கடைசித் தேதி ரகசியம் கிடையாது. அமெரிக்காவில் ஏப்ரல் 15, கனடாவில் ஏப்ரல் 30, பிரிட்டனில் இணையவழி சுயமதிப்பீட்டுக்கு ஜனவரி 31, இந்தியாவில் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தத் தேதிகள் மோசடிக்காரர்களுக்கும் தெரியும். அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலகம் என்ன பாடுபடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆடிட்டர் ஏதாவது ஒரு ஆவணம் கேட்டு மெயில் அனுப்பியிருப்பார். வங்கி ஸ்டேட்மென்ட் வர வேண்டியிருக்கும். போர்ட்டல் திறக்காமல் படுத்தும். போன வருடத்து ரீஃபண்ட் இன்னும் வந்திருக்காது. இத்தனைக்கும் நடுவில் "உங்கள் தாக்கலில் முரண்பாடு உள்ளது, 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் அபராதம்" என்று ஒரு மெயில் வந்தால், அதைச் சந்தேகிக்க அங்கே யாருக்குத் தோன்றும்? இப்படி ஏதாவது வரும் என்று பயந்துகொண்டிருந்தவர்கள்தானே அவர்கள்!

மற்ற மாதங்களில் ஒருவரை ஏமாற்ற மோசடிக்காரர் ஒரு கதையைக் கட்ட வேண்டும், அதை நம்பவும் வைக்க வேண்டும். வரிக் காலத்தில் அந்த வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. பொய்யின் பெரும்பகுதியைக் காலண்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான், மாட்டிக்கொண்டவரைப் பார்த்து "இதுகூடவா தெரியவில்லை?" என்று கேட்பதை நான் அடியோடு வெறுக்கிறேன். அந்த மெயிலைத் திறந்தவர் பெரும்பாலும் தன் வேலையைப் பொறுப்பாகச் செய்துகொண்டிருந்தவர். அவருடைய பொறுப்புணர்ச்சிதான் தூண்டிலில் இரையாக மாட்டப்பட்டிருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் ஒருவரிடம், பணம் அனுப்பும் அதிகாரம் இன்னொருவரிடம், கணினிப் பாதுகாப்பு வேறொரு குழுவிடம் இருக்கும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் இவை மூன்றும் ஒரே மேசையில் இருக்கும். முதலாளி வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொன்னால் பணம் போய்விடும். வரி போர்ட்டலின் கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியும், அதில் ஒருவர் போன வருடமே வேலையை விட்டுப் போயிருப்பார். ஆனால் திருடுவதற்குரிய சரக்கில் மட்டும் குறையே இல்லை: ஊழியர்களின் வரி எண், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

லிங்க்கும் இல்லை, வைரஸும் இல்லை

ஃபிஷிங் என்றதும் ஒரு லிங்க்கும், அதைத் தட்டினால் திறக்கும் போலிப் பக்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வரிக் காலத்தில் மிகப் பெரிய சேதம் விளைவித்த மோசடிகளுள் ஒன்றில் இவை இரண்டுமே இல்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு முதலாளியும் ஊழியருக்கு டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம் தர வேண்டும். பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், சம்பளம், பிடித்த வரி என்று எல்லாமே அதில் இருக்கும். 2016-ன் தொடக்கத்தில், சம்பளப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு நிறுவனத் தலைவரின் பெயரில் மெயில்கள் வர ஆரம்பித்தன. நம் ஊழியர்கள் எல்லோருடைய டபிள்யூ-2 படிவங்களையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள், ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற பாணியில் இரண்டு மூன்று வரிதான். மிரட்டல் இல்லை, இணைப்பு இல்லை, எழுத்துப்பிழைகூட இல்லை. கேட்ட படிவங்களைப் பொறுப்பாகத் தொகுத்து அனுப்பி வைத்தார்கள். ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் படிவங்கள் இப்படிப் போயின. ஸ்னாப்சாட்டிலும் தலைமை நிர்வாகியின் பெயரில் வந்த மெயிலை நம்பிச் சம்பள விவரங்களை அனுப்பினார்கள். தொழில்நுட்பத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இவை.

அதன்பின் சிறிய இடங்களையும் தேடி வந்தார்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு அமைப்புகள் என்று பட்டியல் நீண்டது. 2016-ல் நூறு சொச்சமாக இருந்த புகார்கள் 2017-ல் சுமார் 900 ஆனதாகவும், அந்த ஆண்டில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஏமாந்ததாகவும் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கூறியது. அதனால் பாதிக்கப்பட்ட ஊழியர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சில இடங்களில் படிவங்கள் கைக்கு வந்ததும் அதே "தலைவர்" இன்னொரு மெயில் அனுப்பினார்: இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்.

எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கும் இந்த மெயிலில் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலதிகாரி கேட்கிறார், கீழே இருப்பவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். இதைத் தடுத்திருக்கக்கூடியது ஒரே ஒரு விதி: எல்லா ஊழியர்களின் விவரங்களும் அடங்கிய கோப்பு, யார் கேட்டாலும் மெயிலில் போகாது. முதலாளியே கேட்டாலும் போகாது.

உண்மையான உரையாடலுக்குள் நுழைந்தவர்

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொரு வகை. இங்கே மெயில் போலியான முகவரியிலிருந்து வருவதில்லை. உங்கள் ஆடிட்டரின் உண்மையான மெயில் கணக்கிலிருந்தே, போன வாரம் நீங்கள் பேசிக்கொண்டிருந்த அதே உரையாடலின் தொடர்ச்சியாக, உங்கள் நிறுவனத்தின் சரியான விவரங்களோடு வருகிறது. காரணம், ஆடிட்டரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது. ஒரு ஆடிட்டரைப் பிடித்தால் அவருடைய அத்தனை வாடிக்கையாளர்களும் கிடைக்கிறார்கள் என்பதால் மோசடிக்காரர்கள் முதலில் அவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். புது வாடிக்கையாளர் போல நடித்து, "எங்கள் கணக்கை நீங்கள் பார்க்க முடியுமா?" என்று பணிவாக விசாரித்து, பதில் வந்த பிறகு போன வருடத்து ரிட்டர்ன் என்று சொல்லி ஒரு கோப்பை அனுப்புவது அவர்களுடைய வழக்கமான உத்தி.

கணக்குக்குள் நுழைந்தவர் உடனே எதையும் செய்வதில்லை. படிக்கிறார். யார் யாருக்கு எப்போது பணம் போகிறது, எந்தத் தொனியில் எழுதுகிறார்கள், கையொப்பத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு மெயில் அமைப்புக்குள் போய் ஒரு சின்ன விதியை எழுதுகிறார்: தலைப்பில் "இன்வாய்ஸ்", "பேமென்ட்" போன்ற சொற்கள் இருந்தால் அந்த மெயிலைப் படித்ததாகக் குறித்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கோப்புறைக்குத் தள்ளிவிடு. அவுட்லுக்கில் இதற்கு அவர்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பது ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற கோப்புறை. அது ஒரு மூலையில் கிடக்கும், பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் சந்தேகப்பட்டு "இந்த வங்கிக் கணக்கு எண் சரிதானா?" என்று பதில் எழுதினால், அந்தக் கேள்வி ஆடிட்டர் கண்ணிலேயே படாது. "சரிதான், வங்கியை மாற்றிவிட்டோம்" என்று பதில் எழுதுவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்.

மெயிலில் வரும் போலி இன்வாய்ஸ்களுக்குப் பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. எவால்டாஸ் ரிமாசவ்ஸ்காஸ் என்ற லிதுவேனியர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ்கள் மூலம் 2013-க்கும் 2015-க்கும் இடையே கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் அவருக்கு 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. வணிக மெயில்களை வைத்துச் செய்யும் மோசடிகளால் 2023-ல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்க எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் கணக்கிட்டது. அதுவும் புகார் செய்தவர்களின் கணக்கு மட்டும்.

அரசின் பெயரில் வருபவை

வரித்துறை பெயரில் வரும் போலி மெயில்களும் எஸ்எம்எஸ்களும் இரண்டே உணர்ச்சிகளைத்தான் தொடுகின்றன. ஒன்று பயம்: நோட்டீஸ், சம்மன், கணக்கு முடக்கம். மற்றொன்று ஆசை: ரீஃபண்ட் தயார், வங்கிக் கணக்கை உறுதிசெய்யுங்கள். இவற்றைச் சமாளிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். காரணம், பல நாட்டு வரித்துறைகள் எப்படித் தொடர்புகொள்ளும், எப்படித் தொடர்புகொள்ளாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. ஐஆர்எஸ் பெரும்பாலும் முதலில் தபாலில்தான் எழுதும். ரீஃபண்ட் இருக்கிறது என்று மெயிலில் சொல்லவே மாட்டோம் என்கிறது பிரிட்டனின் எச்எம்ஆர்சி. இந்தியாவில் 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண், அதாவது டிஐஎன், உண்டு. வந்த நோட்டீஸ் உண்மையா என்பதை வருமான வரி போர்ட்டலில், உள்நுழையாமலேயே, சரிபார்க்கலாம். அதே ஆண்டு நவம்பர் 8 முதல் மறைமுக வரித்துறையின் கடிதங்களுக்கும் இந்த ஏற்பாடு வந்தது. ஜிஎஸ்டி சம்மன் என்று ஒன்று வந்தால் கை நடுங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். அந்தந்தத் துறையின் போர்ட்டல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். சரிபார்க்கும் லிங்க் என்று அந்த நோட்டீஸிலேயே ஒன்று இருந்தால், போலி நோட்டீஸ் தயாரித்தவர் அதற்கும் ஒரு போலிப் பக்கம் தயாரித்திருப்பார்.

எஸ்எம்எஸ்ஸில் ஒரு கூடுதல் ஆபத்து. அனுப்புநர் பெயரைப் பல நாடுகளில் போலியாக வைக்க முடியும். அப்படி வைத்தால், போலிச் செய்தி உங்கள் போனில் வரித்துறையின் பழைய உண்மைச் செய்திகளுக்குக் கீழே, அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ளது உண்மை என்பதால் கீழே உள்ளதும் உண்மை என்று மனம் எடுத்துக்கொள்ளும்.

கண்ணை நம்பினால் போதாது

"கவனமாகப் பாருங்கள்" என்பதுதான் பாதுகாப்புப் பயிற்சிகளில் அதிகம் சொல்லப்படும் அறிவுரை. இதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. எழுத்துப்பிழையைத் தேடச் சொன்னார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதித் தருகிறது, தமிழிலும்தான். பூட்டுச் சின்னத்தைப் பார்க்கச் சொன்னார்கள். இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதையும் சொல்லவில்லை. போலித் தளமும் அதை இலவசமாகப் பெறலாம். மக்கள் அதை நம்பகத்தன்மையின் அடையாளமாகத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே 2023-ல் குரோம் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது. அனுப்புநர் முகவரியைப் பார்க்கச் சொன்னார்கள். போனில் பெயர் மட்டும்தான் தெரிகிறது. முகவரியே தெரிந்தாலும், ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிற்றெழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் போலத்தான் இருக்கும். மாலை ஏழு மணிக்கு, கடைசித் தேதியன்று, யார் கண்ணுக்கு அது பிடிபடும்?

ஓடிபியும் முழுக் காவல் இல்லை. இன்றைய போலிப் பக்கங்கள் பல, உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, நீங்கள் போடும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அந்த நொடியிலேயே உண்மைத் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகின்றன. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவி), பாதுகாப்புச் சாவி (அதே வேலையைச் செய்யும் ஒரு சிறு கருவி) போன்றவை இதிலிருந்து காப்பாற்றுகின்றன. அவை எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டனவோ அந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும். மனிதர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. 2017 தொடக்கத்திலிருந்து 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, ஃபிஷிங்கால் ஒரு வேலைக் கணக்குகூடப் பறிபோகவில்லை என்று கூகுள் 2018-ல் சொன்னது. ஒரு சிறு நிறுவனம் ஒரே ஒரு தொழில்நுட்ப மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், முதலாளி, கணக்கர் இருவரின் மெயில் கணக்குக்கும் இதைப் போட்டுவிடுங்கள் என்பேன். மெயில் பறிபோனால் மற்ற கடவுச்சொற்களையெல்லாம் அதை வைத்தே மாற்றிவிடலாம்.

சொந்த டொமைன், அதாவது நிறுவனத்தின் பெயரிலேயே இணைய முகவரி, வைத்திருப்பவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று தளத்தைப் பராமரிப்பவரிடம் கேட்க வேண்டும். 1982-ல் வகுக்கப்பட்ட மெயில் விதிமுறையில் அனுப்புநர் உண்மையானவரா என்று சரிபார்க்க வழியே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை இவை. டிமார்க்கை வைத்துவிட்டு, கண்காணிக்க மட்டும் செய்யும் நிலையிலேயே விட்டுவிட்டால் போலி மெயில் எதுவும் நிற்காது. நிராகரிக்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். எச்எம்ஆர்சி இதைச் செய்ததில் 2016-ல் மட்டும் அதன் பெயரில் வரும் போலி மெயில்கள் 30 கோடி அளவுக்குக் குறைந்தன. ஆனால் உங்கள் பெயரை மற்றவர்கள் பயன்படுத்துவதைத்தான் இது தடுக்கும். உங்களைப் போலவே தோன்றும் வேறொரு டொமைனை வாங்கி எழுதுபவரைத் தடுக்காது.

ஆகவே பாரம் வந்து இறங்க வேண்டிய இடம் வழக்கம். மெயில் உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை யார் தலையிலும் வைக்காதீர்கள். மெயில் உண்மையாகவே இருந்தாலும் கூடாது என்று சில காரியங்களை ஒதுக்கி வையுங்கள். வங்கிக் கணக்கு எண் மாற்றம், புதிய ஒருவருக்குப் பணம், ஊழியர்களின் மொத்த விவரம், சம்பளம் போகும் கணக்கை மாற்றச் சொல்லும் கோரிக்கை, இந்த நான்கும் மெயிலை மட்டும் வைத்து நடக்கக் கூடாது. ஒருவர் போன் செய்து உறுதிசெய்ய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த போன் நம்பர் மெயிலில் இருக்கும் நம்பராக இருக்கக் கூடாது. அந்த மெயில் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த நம்பராக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் எழுதி, பணம் அனுப்புகிறவரின் மேசையில் ஒட்டி வைக்கலாம்.

அழைப்பு உங்களிடமிருந்து போவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024-ல் ஹாங்காங்கில் நடந்தது சாட்சி. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வந்த மெயிலை முதலில் சந்தேகப்பட்டார். பிறகு ஒரு வீடியோ அழைப்புக்குக் கூப்பிட்டார்கள். அதில் நிதித் தலைவரும் சக ஊழியர்களும் இருந்தார்கள், பேசினார்கள். எல்லாமே செயற்கையாக உருவாக்கப்பட்ட முகங்கள், குரல்கள். சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் கைமாறியது. அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் வழியையும் மோசடிக்காரர்களே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார்கள்.

இந்த விதிகள் நிலைப்பதும் உடைவதும் முதலாளியின் கையில். அவசரம் என்று ஒருநாள் தானே விதியை மீறி, "பரவாயில்லை, அனுப்பிவிடு, நான் சொல்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், அன்றோடு அந்த விதி செத்தது. மறுமுறை அதே வார்த்தைகளை மோசடிக்காரர் எழுதும்போது ஊழியருக்கு வித்தியாசம் தெரியாது. தன்னைத் திருப்பி அழைத்து உறுதிசெய்த ஊழியரை எரிச்சலோடு பேசாமல், நல்ல வேலை செய்தாய் என்று சொல்கிற முதலாளிதான் அந்த நிறுவனத்தின் சிறந்த பாதுகாப்பு. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆடிட்டருக்கு ஆவணங்கள் அனுப்பும் வழியையும் சீசன் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அவரிடம் பாதுகாப்பான போர்ட்டல் இருந்தால் அது மட்டும். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு அந்தக் கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

தட்டிவிட்டால்

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் யாராவது தட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம், அதைத் திட்டுவதில் செலவழித்துவிடக் கூடாது. பயந்து இரண்டு நாள் மறைத்த ஊழியரால் வரும் நஷ்டம், தவறாகத் தட்டியதால் வந்ததைவிடப் பல மடங்கு அதிகம்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்தது காவல்துறை வழி: இந்தியாவில் 1930 என்ற எண், அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம். கடவுச்சொல் போயிருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்தாமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கடவுச்சொல் மாறிய பிறகும் உள்ளேயே தங்கியிருக்க முடியும். பிறகு மெயில் அமைப்பில் நீங்கள் எழுதாத விதிகள், நீங்கள் போடாத ஃபார்வர்டு முகவரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் கோப்புறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆடிட்டருக்கும், நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும், பெறும் இடங்களுக்கும் போனில் சொல்லுங்கள். மெயிலில் சொன்னால் உள்ளே இருப்பவரும் படிப்பார்.

ஊழியர்களின் விவரம் போயிருந்தால் அன்றே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் முதலாளிகள் இங்கேதான் பெரிய அநியாயம் செய்கிறார்கள். திருடிய படிவங்களை வைத்து அந்த ஊழியர்களின் பெயரில் முந்திக்கொண்டு ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்குவதுதான் இந்த மோசடியின் அடுத்த கட்டம். உண்மையான ஊழியர் தாக்கல் செய்யும்போது "ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டுவிட்டது" என்று நிராகரிக்கப்படும், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இதைத் தடுக்க ஐஆர்எஸ் 6 இலக்க அடையாளப் பாதுகாப்பு எண் ஒன்றைத் தருகிறது. 2021 முதல், அடையாளத்தை நிரூபிக்கும் எவரும் அதைக் கேட்டு வாங்கலாம். அந்த எண்ணைப் பெற்றவருடைய பெயரில், எண் இல்லாமல் மின்னணு ரிட்டர்ன் போட முடியாது. விவரம் போன செய்தி அன்றே தெரிந்தால், மோசடிக்காரர் முந்திக்கொள்வதற்குள் ஊழியர் அதை வாங்கிவிடலாம்.